விலகிய பிரிட்டன் மீண்டும் ஐரோப்பாவை நெருங்குவது எப்படி?

2021 ஜனவரி. நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலண்ட் துறைமுகம். பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய லாரி ஓட்டுநர்கள் கையில் வைத்திருந்த சாப்பாட்டைச் சுங்க அதிகாரிகள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானது. ஓர் ஓட்டுநரிடம் இருந்தது பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச். இறைச்சியை எடுத்துக்கொண்டு ரொட்டியையாவது விட்டுவிடுங்களேன் என்று கேட்டுப் பார்த்தார். எல்லாமே பறிமுதல்தான் என்றார் அதிகாரி. பிரெக்ஸிட் ஆகிவிட்டதே, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

சில வாரங்களுக்கு முன்பு அதே சாண்ட்விச்சை அவர் ஐரோப்பாவின் மறுகோடி வரை கொண்டுபோயிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விதி ஒன்றும் புதிதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியோ பால் பொருளோ கையில் கொண்டுவரக் கூடாது என்பது பழைய சட்டம். மாறியது பிரிட்டன் நின்ற இடம். 1973 முதல் உள்ளே இருந்த நாடு, 2016 பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்று வாக்களித்ததால், 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது. இதைத்தான் பிரெக்ஸிட் என்கிறார்கள். பழைய ஏற்பாடுகள் அந்த வருடக் கடைசி வரை நீடித்தன. 2021 பிறந்ததும் பிரிட்டன் ஐரோப்பாவுக்கு வெளிநாடாகிவிட்டது.

ஒரு நாடு இப்படி ஒரு வர்த்தகக் கூட்டமைப்பை விட்டு வந்த பிறகு, மறுபடி நெருங்க நினைத்தால் என்னென்ன வழிகள் இருக்கின்றன? ஒவ்வொரு வழிக்கும் என்ன விலை? பிரிட்டனை வைத்தே இதைப் புரிந்துகொள்வது நல்லது. பிரிந்ததும் பேரம் பேசியதும் நம் கண்ணெதிரே நடந்தவை.

வரிதான் இல்லையே, பிறகு என்ன தடை?

2020 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பிரிட்டனும் ஒன்றியமும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தை முடித்தன. ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல் நீண்ட ஆவணம். அதன் சாரம் எளிது: இரண்டு பக்கத்துச் சரக்குக்கும் இறக்குமதி வரி கிடையாது, அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. வரியே இல்லை என்றால் பழைய மாதிரிதானே வியாபாரம் நடக்கும் என்று பலர் நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. ஏன் என்பது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

நாடுகள் சேர்ந்து வியாபாரம் செய்வதில் பல அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். உன் சரக்குக்கு நான் வரி போட மாட்டேன், என் சரக்குக்கு நீ போடாதே. அவ்வளவுதான். மற்ற நாட்டுச் சரக்குக்கு யார் எவ்வளவு வரி போடுவது என்பது அவரவர் விருப்பம்.

அடுத்தது சுங்க ஒன்றியம். இங்கே வெளியாட்களுக்குப் போடும் வரியும் எல்லோருக்கும் ஒன்றே. சீனாவிலிருந்து வரும் சைக்கிளுக்கு ரோட்டர்டாமில் என்ன வரியோ அதேதான் மார்செய்யிலும். ஒரு துறைமுகத்தில் வரி கட்டிவிட்டால் உள்ளே எங்கு வேண்டுமானாலும் போகலாம். இதன் மறுபக்கம், உறுப்பு நாடு எதுவும் வெளிநாட்டோடு தனியாக வரி ஒப்பந்தம் போட முடியாது.

அதற்கும் மேலே ஒற்றைச் சந்தை. வரியோடு நிற்காமல் விதிகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பொம்மையில் என்ன சாயம் பூசலாம், கோழிக்கு என்ன மருந்து கொடுக்கலாம், மின்சாதனத்துக்கு என்ன பாதுகாப்புச் சோதனை என்பதெல்லாம் எல்லோருக்கும் ஒரே சட்டம். ஒரு நாட்டில் விற்கலாம் என்றால் எல்லா நாட்டிலும் விற்கலாம். சரக்கோடு சேர்ந்து சேவை, முதலீடு, மனிதர்கள் எல்லோரும் தடையில்லாமல் போய்வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்க ஒன்றியமும் ஒற்றைச் சந்தையும் இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. பிரிட்டன் அந்த இரண்டையும் விட்டுவிட்டு முதல் அடுக்குக்கு இறங்கியது.

இறங்கியதன் முதல் விளைவு, எந்தச் சரக்கு எந்த நாட்டுச் சரக்கு என்ற கேள்வி. வரிச்சலுகை இரண்டு தரப்பிலும் தயாரான பொருளுக்குத்தான். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் பன்றி முகம் போட்ட ஒரு மிட்டாய் பிரபலம், பெர்சி பிக் என்று பெயர். அது ஜெர்மனியில் தயாராகி பிரிட்டனுக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றியத்தில் தயாராகி ஒன்றியத்துக்கே போகும் மிட்டாய்தான். ஆனாலும் நடுவில் பிரிட்டனின் கிடங்கில் இறங்கி, ஒரு வேலையும் செய்யப்படாமல் திரும்ப ஏறியதால் அயர்லாந்தில் வரி கட்ட வேண்டிய சரக்காகிவிட்டது. பிரிட்டனைக் கிடங்காக வைத்து ஐரோப்பா முழுக்க விற்றுவந்த நிறுவனங்களுக்கு இது பெரிய அடி.

இரண்டாவது விளைவுதான் இன்னும் கனமானது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் லாங்குஸ்டீன் என்ற சிங்கி இறால் ரகம் பிடிபடுகிறது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் அதற்கு நல்ல கிராக்கி. உறுப்பு நாடாக இருந்தபோது பிடித்ததை ஐஸில் அடுக்கி, லாரியில் ஏற்றி, ஒரு டெலிவரி சீட்டோடு அனுப்பினால் போதும். 2021க்குப் பிறகு நிலைமை வேறு. அங்கீகாரம் பெற்ற அலுவலர், பெரும்பாலும் கால்நடை மருத்துவர், சரக்கைப் பார்த்து ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழில் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் சரக்கு நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். எந்தப் படகு எங்கே பிடித்தது என்ற சான்று தனி. சுங்க அறிவிப்பு தனி. ஒன்றியத்தின் கணினி அமைப்பில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் எல்லைச் சோதனை நிலையத்தில் லாரி நின்று, தாள்களைக் காட்டி, கேட்டால் பெட்டியைத் திறந்து காட்டி, அப்புறம்தான் சந்தைக்குப் போக முடியும்.

ஒரு லாரி முழுக்க ஒரே கம்பெனியின் சரக்கு என்றால்கூடச் சமாளிக்கலாம். சின்ன ஏற்றுமதியாளர்கள் பத்துப் பேர் ஒரு லாரியைப் பகிர்ந்துகொள்வதுதான் வழக்கம். ஒருவர் தாளில் ஓர் எண் தவறினாலும் மொத்த லாரியும் நிற்கும். இறால் காத்திருக்காது. அந்த முதல் மாதத்தில் ஸ்காட்லாந்து மீன் வியாபாரிகள் தங்கள் லாரிகளை லண்டனில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்திப் போராடியது இதனால்தான்.

சில பொருள்களுக்குத் தாள் இருந்தும் பிரயோஜனமில்லை. சமைக்காத சாசேஜையும் பர்கர் இறைச்சியையும் பிரிட்டன் ஒன்றியத்துக்குள் அனுப்பவே முடியாது என்றாகிவிட்டது. ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்குக்கும் அதே கதி. முதல்தரத் தூய்மைச் சான்று பெறாத கடற்பகுதிகளில் வளரும் சிப்பிகளை முன்பு உயிரோடு அனுப்பி அங்கே சுத்தம் செய்துகொள்வார்கள், அதுவும் நின்றது. ஒன்றியம் வேண்டுமென்றே பிரிட்டனைத் தண்டித்தது என்று அப்போது பேச்சு எழுந்தது. வெளிநாடுகளுக்கு அந்த விதிகள் முன்பே இருந்தவை. அவை எழுதப்பட்டபோது எழுதிய மேசையில் பிரிட்டனும் உட்கார்ந்திருந்தது.

பிரிட்டன் அரசின் சுதந்திரமான நிதிக் கணிப்பு அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணக்கு இது: உள்ளேயே இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட ஏற்றுமதியும் இறக்குமதியும் நீண்டகாலத்தில் 15 சதவீதம் குறையும், நாட்டின் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும். வரி ஒரு பைசா இல்லாமலே இவ்வளவு. எல்லையில் சுவராக நிற்பவை விதிகளும் அவற்றை நிரூபிக்கும் தாள்களும்தான். ஆகவே மீண்டும் நெருங்குவது என்றால், எந்தெந்த விதிகளை மறுபடி பொதுவாக்கிக்கொள்வது, அதற்கு என்ன கொடுப்பது என்ற பேரம்தான்.

உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்

ஒன்றியத்தில் உறுப்பினராகாமலே அதோடு நெருங்கி வாழும் நாடுகள் சில உண்டு. பிரிட்டனுக்கு எந்த மாதிரி பொருந்தும் என்ற விவாதத்தில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

நார்வே மக்கள் 1972லும் 1994லும் உறுப்பினராக வேண்டாம் என்று வாக்களித்தார்கள். ஆனால் ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் நாடுகளோடு சேர்ந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற ஏற்பாட்டின் மூலம் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது. அதற்காக ஒன்றியத்தின் சந்தைச் சட்டங்களை ஏற்றுக்கொள்கிறது, நிதியும் கொடுக்கிறது, ஐரோப்பியர்கள் தடையில்லாமல் வந்து வேலை செய்யவும் விடுகிறது. சட்டம் எழுதும் இடத்தில் அதற்கு வாக்கு மட்டும் இல்லை. சுங்க ஒன்றியத்தில் நார்வே இல்லாததால் ஸ்வீடன் எல்லையில் சுங்கச் சாவடி இன்றும் இருக்கிறது. இரண்டு நாடுகளும் பல வருடமாகப் பழகிப்போய் அந்த வேலையைப் பகிர்ந்து செய்வதால் அது பெரிய தொல்லையாகத் தெரிவதில்லை.

துருக்கி இதற்கு நேர் எதிர். 1995 கடைசியிலிருந்து அது ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, பெரும்பாலும் தொழிற்சாலைப் பொருள்களுக்கு மட்டும். ஒற்றைச் சந்தையில் இல்லை. அதனால் வரிப் பிரச்சினை இல்லாவிட்டாலும் பல்கேரிய எல்லையான கபிகுலேயில் துருக்கி லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நிற்பது வாடிக்கை. லாரி அனுமதி, ஓட்டுநர் விசா, சரக்குச் சோதனை எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒன்றியம் வேறொரு நாட்டோடு வரியில்லா ஒப்பந்தம் போட்டால் அந்த நாட்டுச் சரக்குக்குத் துருக்கியும் கதவைத் திறக்க வேண்டும். துருக்கிச் சரக்குக்கு அந்த நாடு கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்குத் துருக்கி தனியாகப் போய்க் கேட்க வேண்டும்.

சுவிட்சர்லாந்து ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஒப்பந்தம் என்று நூற்றுக்கும் மேல் போட்டு வைத்திருக்கிறது. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்ட கெட்டிக்காரத்தனம் என்று பிரிட்டனில் பலர் இதைப் புகழ்ந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அவ்வளவு இனிப்பில்லை. 1999ல் கையெழுத்தான ஏழு ஒப்பந்தங்களில் ஒன்றை முறித்தால் ஏழும் விழும்படிதான் எழுதியிருக்கிறார்கள். 2014ல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சுவிஸ் மக்கள் வாக்களித்தபோது, ஐரோப்பிய ஆராய்ச்சி நிதித் திட்டத்திலும் மாணவர் பரிமாற்றத்திலும் அதன் இடம் ஆட்டம் கண்டது.

2021 மே மாதம் இந்தச் சில்லறை ஒப்பந்தங்களை எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவரும் பேச்சை சுவிட்சர்லாந்து முறித்துக்கொண்டது. மருத்துவக் கருவிகளுக்கான பரஸ்பர அங்கீகாரத்தை ஒன்றியம் அதற்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. ஊசியிலிருந்து செயற்கை மூட்டு வரை செய்யும் சுவிஸ் நிறுவனங்கள் ஒரே நாளில் வெளிநாட்டு நிறுவனங்களாகி, ஒன்றியத்துக்குள் தங்களுக்கென ஒரு பிரதிநிதியை வைக்க வேண்டியதாயிற்று. ஒன்றியத்தின் விதி மாறிக்கொண்டே இருக்கும். கூடவே மாறாத ஒப்பந்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லாக்காசாகும். இரண்டு தரப்பும் 2024 டிசம்பரில்தான் ஒரு புதிய தொகுப்புக்கான பேச்சை முடித்தன. இந்த அனுபவத்துக்குப் பிறகு இன்னொரு சுவிட்சர்லாந்தை உருவாக்க ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கு விருப்பமில்லை என்பதில் வியப்பில்லை.

முதலில் பழைய வாக்குறுதி

எந்த மாதிரியை எடுத்தாலும் அதற்கு முன்பு ஒரு வேலை இருந்தது. பிரிட்டன் ஏற்கெனவே கையெழுத்திட்டதை நிறைவேற்றுமா என்ற சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது.

பிரச்சினை வட அயர்லாந்து. அது பிரிட்டனின் பகுதி. தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தில் இருக்கிறது. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் நில எல்லை. பல பத்தாண்டு வன்முறைக்குப் பிறகு 1998ல் ஏற்பட்ட அமைதி ஒப்பந்தத்தோடு அந்த எல்லையில் காவல் சாவடிகள் மறைந்துபோயின. ஒருவருடைய வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்று மக்கள் வாழ்கிறார்கள். அங்கே மறுபடி சோதனைச் சாவடி வைக்க யாருக்கும் துணிவில்லை. அதனால் சரக்கு விஷயத்தில் வட அயர்லாந்து ஒன்றியத்தின் விதிகளையே பின்பற்றும், சோதனைகள் பிரிட்டனின் பெருந்தீவிலிருந்து வரும் கடல்வழியில் நடக்கும் என்று முடிவானது. சொந்த நாட்டுக்குள்ளேயே சரக்குக்குச் சோதனை என்பது அங்குள்ள யூனியனிஸ்டுகளை, அதாவது பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்களை, ஆழமாகப் புண்படுத்தியது. அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு.

போரிஸ் ஜான்சன் அரசு இதைக் கையாண்ட விதம்தான் கேடாக முடிந்தது. தானே கையெழுத்திட்ட ஏற்பாட்டைத் தன்னிச்சையாக மீறும் மசோதாவை 2020ல் கொண்டுவந்தது. அது சர்வதேசச் சட்டத்தை மீறுவதுதான், ஆனால் குறிப்பிட்ட, குறுகிய அளவில் என்று ஓர் அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். 2022ல் இன்னொரு மசோதா. இதற்கிடையே ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டமான ஹொரைசனில் பிரிட்டனைச் சேர்ப்பதாக 2020லேயே பேசி வைத்திருந்ததை ஒன்றியம் நிறுத்தி வைத்தது. பிரிட்டனின் ஆய்வகங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தன; அயர்லாந்துத் தகராறுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

2023 பிப்ரவரி 27 அன்று அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லெயனும் விண்ட்சரில் ஒரு தீர்வை அறிவித்தார்கள். வட அயர்லாந்திலேயே விற்கப்படும் சரக்குக்குப் பச்சை வழி, தாள் வேலை குறைவு. அங்கிருந்து குடியரசுக்குள் போகக்கூடிய சரக்குக்குச் சிவப்பு வழி, முழுச் சோதனை. பச்சை வழியில் போகும் பால், இறைச்சி போன்ற உணவுப் பொருள்களில் 'ஒன்றியத்துக்கு அல்ல' என்று லேபிள் ஒட்ட வேண்டும். குறைகள் இல்லாத ஏற்பாடு இல்லை இது. ஆனால் மீறல் மசோதா கைவிடப்பட்டது. அதே வருடம் செப்டம்பரில் ஹொரைசன் உடன்பாடு முடிந்து, 2024 ஜனவரி 1 முதல் பிரிட்டன் விஞ்ஞானிகள் மறுபடி உள்ளே வந்தார்கள். பல வருடம் மூடிக்கிடந்த கதவு ஏழு மாதத்தில் திறந்தது. மின்சாரக் கார்களுக்கான கடுமையான மூலநாட்டு விதி, அதாவது எந்த நாட்டில் தயாரான பொருள் என்று தீர்மானிக்கும் விதி, 2024ல் அமலுக்கு வந்து 10 சதவீத வரி விழ இருந்ததையும் இரண்டு தரப்பும் சேர்ந்து 2026 கடைசி வரை தள்ளிவைத்தன.

வர்த்தகக் கூட்டமைப்பை விட்டு விலகியவர்கள் முதலில் வரியைப் பற்றிப் பேசப் போகிறார்கள். என்னைக் கேட்டால், போட்ட பழைய கையெழுத்தைக் காப்பாற்றுவதில்தான் தொடங்க வேண்டும்.

2025 மே மாதத்துப் பேரம்

2024ல் ஆட்சிக்கு வந்த கெய்ர் ஸ்டார்மரின் தொழிற்கட்சி மூன்று கோடுகளைப் போட்டுக்கொண்டுதான் தேர்தலைச் சந்தித்தது: ஒற்றைச் சந்தைக்குத் திரும்ப மாட்டோம், சுங்க ஒன்றியத்துக்குத் திரும்ப மாட்டோம், மக்கள் தடையற்று வந்துபோகும் ஏற்பாட்டுக்கும் திரும்ப மாட்டோம். இந்த மூன்றையும் விலக்கிவிட்டால் மிச்சம் இருப்பதில் எவ்வளவு நெருங்க முடியும்? 2025 மே 19 அன்று லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் நடந்த உச்சி மாநாடு அதற்கு ஒரு விடை.

அதில் முக்கியமானது உணவும் விலங்கு, தாவர நலனும் சார்ந்த உடன்பாட்டுக்கான ஒப்புதல். அது நடைமுறைக்கு வந்தால் ஸ்காட்லாந்து இறால் லாரிக்குச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டாம். ஒரு சான்றிதழுக்கு 200 பவுண்டு வரை ஆகிறது என்று அரசே சொல்கிறது. சின்ன வியாபாரிக்கு அது லாபத்தையே தின்றுவிடும் தொகை. சாசேஜும் பர்கரும் மறுபடி கடல் தாண்டலாம். வட அயர்லாந்துக் கடல்வழிச் சோதனையும் பெருமளவு தேவையற்றுப் போகும்.

இதற்கு விலை உண்டு. அந்தத் துறையில் ஒன்றியத்தின் விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனின் விதியும் கூடவே மாற வேண்டும். தகராறு வந்தால் நடுவர் குழு பார்க்கும். ஆனால் ஒன்றியச் சட்டத்துக்குப் பொருள் சொல்வதில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் வார்த்தைதான் கடைசி. செலவில் பிரிட்டன் பங்கு கொடுக்கும். விதி உருவாகும் கட்டத்தில் அதன் கருத்தைக் கேட்பார்கள், வாக்கு கிடையாது. நார்வே மொத்தச் சந்தைக்கும் ஏற்றுக்கொண்ட நிபந்தனையை பிரிட்டன் ஒரு துறைக்கு மட்டும் ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இறையாண்மையை அடகு வைத்துவிட்டார்கள் என்ற எதிர்ப்பு உடனே எழுந்தது. அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பிறர் எழுதும் சட்டத்தின்கீழ் வாழ்வது ஜனநாயக நாட்டுக்கு உறுத்தலான விஷயம். ஆனாலும் இந்த ஒரு துறையில் உடன்பாடு சரி என்றே நினைக்கிறேன். விலகி இத்தனை வருடத்தில் பிரிட்டன் உணவு விதிகளைப் பெரிதாக மாற்றிவிடவில்லை. பயன்படுத்தாத உரிமைக்காகத் தினம் தினம் ஆயிரக்கணக்கான தாள்களுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் மீனவர்களும் விவசாயிகளும்.

மீனும் பேரத்தில் இருந்தது. பிரிட்டன் கடற்பரப்பில் ஐரோப்பியப் படகுகள் மீன் பிடிக்கும் ஏற்பாடு 2026 ஜூனில் முடிய இருந்தது. அதை 2038 ஜூன் 30 வரை நீட்டித்தார்கள். மீன்பிடித் தொழில் பிரிட்டன் பொருளாதாரத்தில் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கடற்கரை ஊர்களுக்கு அது வாழ்க்கை. பிரெக்ஸிட்டுக்கு வாக்களித்தால் கடல் நமக்கே என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பன்னிரண்டு வருடம் என்ற செய்தி கேட்டு அவர்கள் கொதித்ததில் தவறில்லை. அதே மீனவர்கள் பிடிப்பதில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்குத்தான் விற்பனையாகிறது, உணவு உடன்பாட்டால் அவர்களுக்கும் லாபம் உண்டு என்பதும் உண்மை.

கரிம உமிழ்வுச் சந்தைகளை இணைக்கும் யோசனையும் அன்று ஏற்கப்பட்டது. எஃகு, சிமெண்ட் போன்ற இறக்குமதிக்கு அவற்றைத் தயாரிக்கும்போது வெளியான கரிமத்தைக் கணக்கிட்டு ஒன்றியம் 2026 முதல் கட்டணம் விதிக்கிறது. சந்தைகள் இணைந்தால் பிரிட்டன் எஃகு அதிலிருந்து தப்பும். இளைஞர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மறுபக்கம் போய் வேலை செய்யவும் படிக்கவும் ஒரு திட்டம் வேண்டும் என்று ஐரோப்பா கேட்டது. எத்தனை பேர் என்பதில்தான் இழுபறி. மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் 2027ல் மறுபடி சேர்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். முதல் வருடத்துக்கு பிரிட்டன் கொடுக்கப்போவது சுமார் 57 கோடி பவுண்டு.

எல்லாம் கூடிவரவில்லை. ஐரோப்பியப் பாதுகாப்புத் தளவாடங்களுக்கான 15,000 கோடி யூரோ கடன் நிதியில் பிரிட்டன் சேரும் பேச்சு 2025 நவம்பரில் முறிந்தது. காரணம் பணம்: நுழைவுக்கு ஒன்றியம் கேட்டதும் பிரிட்டன் தர முன்வந்ததும் எட்டாத தூரத்தில் இருந்தன. ரஷ்யாவை நினைத்து இரண்டு பக்கமும் கவலைப்படும் காலத்தில்கூட, கணக்கு ஒத்துவராவிட்டால் உறவு ஓர் அடி நகராது.

சுங்க ஒன்றியத்துக்கே திரும்பினால்?

பிரிட்டனில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. திரும்பினால் மூலநாட்டு விதித் தொல்லை தீரும், பெர்சி பிக் மிட்டாய்க்கு வரி இருக்காது. கார் தொழிற்சாலைகள் நிம்மதியாகும். ஆனால் உணவுச் சோதனை போகாது, அது ஒற்றைச் சந்தை விவகாரம். கபிகுலே வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்துக்கும் தொடர்புள்ளது. விலகிய பிறகு பிரிட்டன் தனியாகப் போட்ட வர்த்தக ஒப்பந்தங்களில் ஒன்று 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு கையெழுத்தானது. இந்திய ஆடைகளுக்கு பிரிட்டன் போட்டுவந்த வரியை அது நீக்குகிறது. வங்கதேசத்து ஆடை வரியில்லாமல் நுழையும் சந்தையில் வரி கட்டிப் போட்டி போட்டுக்கொண்டிருந்த திருப்பூர் பின்னலாடைக்காரர்கள் இந்த ஒப்பந்தத்துக்காகத்தான் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பிரிட்டன் சுங்க ஒன்றியத்துக்குள் போனால் அதன் வரி அட்டவணை பிரஸ்ஸல்ஸ் அட்டவணைதான். இப்படித் தனியாகக் கொடுத்த சலுகைகளை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருவரோடு நெருங்கும்போது இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே வருகிறது.

தனி ஒப்பந்தங்கள் இழப்பை ஈடுகட்டுமா என்றால், கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் பிரிட்டன் சேர்ந்த பசிபிக் வர்த்தகக் கூட்டமைப்பால் நீண்டகாலத்தில் பொருளாதாரம் 0.1 சதவீதம்கூட வளராது என்பது அரசின் சொந்த மதிப்பீடு. முன்பு சொன்ன 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 33 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கும் சந்தைக்கு ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் மாற்றாகாது.

விலகிப் பார்த்த மற்றவர்கள்

பிரிட்டன் முதல் ஆள் இல்லை. டென்மார்க் அரசின்கீழ் இருக்கும் கிரீன்லாந்து 1982ல் வாக்களித்து 1985ல் ஐரோப்பியச் சமூகத்தை விட்டு வெளியேறியது, காரணம் மீன். இன்றும் அதன் மீன் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் போகிறது. பதிலுக்கு ஐரோப்பியப் படகுகள் அங்கே பிடிக்கின்றன, அதற்கு ஒன்றியம் பணமும் கொடுக்கிறது. சிலி 1976ல் ஆண்டியன் நாடுகளின் கூட்டமைப்பிலிருந்து விலகி, 2006ல் இணை உறுப்பினராக மட்டும் திரும்பியது. மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பை 2000ல் விட்ட மொரிட்டானியா 2017ல் இணைப்பு ஒப்பந்தம் போட்டது. அதே கூட்டமைப்பை மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் விட்டபோது, மறு அறிவிப்பு வரும்வரை அவர்களின் கடவுச்சீட்டையும் சரக்கையும் பழையபடியே நடத்துங்கள் என்று கூட்டமைப்பு தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. பிரிவு அறிவித்த நாளிலேயே கதவைச் சாத்தாதது எனக்குப் பிடித்த முடிவு.

முழு உறுப்பினராகவே திரும்பலாமே என்று கேட்டால், சட்டம் தடுக்கவில்லை. ஒன்றிய ஒப்பந்தத்தின் 49ஆவது பிரிவின்படி புதிய நாடு போல விண்ணப்பிக்க வேண்டும், எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். முன்பு பிரிட்டனுக்கு இருந்த தனிச்சலுகைகள், அதாவது 1984ல் மார்கரெட் தாட்சர் வாதாடிப் பெற்ற நிதித் தள்ளுபடி, யூரோ நாணயத்தில் சேராமல் இருக்கும் உரிமை போன்றவை, திரும்பக் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

அதைவிடப் பெரிய தடை உள்நாட்டில் இருக்கிறது. 2025 மே உடன்பாட்டை ஆட்சிக்கு வந்தால் ரத்து செய்வோம் என்று கன்சர்வேடிவ் கட்சியும் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சியும் அன்றே சொல்லிவிட்டன. அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் பேச்சுக்கு உட்காருகிறவர்கள் எதிரே இருக்கும் அமைச்சரைப் பார்க்கும்போது, அவருக்குப் பின்னால் வரப்போகிறவரையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பிரிட்டன் அரசு இனி எதிர்க்கட்சிகளில் எத்தனை பேரைத் தன் பக்கம் சம்மதிக்க வைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒன்றியம் எவ்வளவு கொடுக்கும் என்பது இருக்கும்.